சனிக்கிழமை விரதமும் உன் சித்தப்பாவும்

சிங்காநல்லூர்
16-3-1958

சௌபாக்கியவதி ரங்கநாயகிக்கு உன் நைனா எழுதுவது. காரமடை ரங்கநாதர் கிருபையில் நானும் உன் அம்மாவும் நலம். டாடாநகரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் சிசுவும் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பிரசவத்துக்கு அழைத்துவர நைனா சிரமப்பட வேண்டாம், சித்தப்பா வந்தால் போதும் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு என்ன சிரமம் கண்ணு? மில்லில் லீவுகூடச் சொல்லி வைத்துவிட்டேன். உன் அம்மாவிடம் காரணம் கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு, ரயிலில் வரும்போது நடுவில் சனிக்கிழமை வருதுங்களே, விரதத்தன்னிக்கு உங்க பக்கத்துல யாருங்க உக்காந்து வாரது என்றாள்.

உன் சித்தப்பா பங்காரு என் கூடப் பிறந்தவன்தான். கோயில் வாசலை மிதிக்க மாட்டான், பெருமாளைக் கல் என்பான். ஆனால் தெருக் குழந்தைகள் அவன் சைக்கிளைக் கண்டால் பின்னால் ஓடுகின்றன, என்னைக் கண்டால் வீட்டுக்குள் ஓடுகின்றன. இந்த மாசி மகத்துக்குக் காரமடை போயிருந்தோம். நான் விரதமிருந்து பந்தசேவைக்குத் தீப்பந்தம் பிடித்தேன். அவன் வெளியே எங்கள் செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தான். கூட்ட நெரிசலில் உன் அம்மாவுக்கு மயக்கம் வந்துவிட்டது, பயப்படாதே, இப்போது நன்றாக இருக்கிறாள். நான் சேவை முடித்து வந்தபோது அவன் அவளை நிழலில் உட்கார வைத்து, சோடா கொடுத்து, துண்டால் விசிறிக்கொண்டிருந்தான். கூட்டத்துக்குள் ஏன் வந்தாய் என்று நான் அவளை அதட்டினேன். கும்பிடறது நீங்க, வரம் கெடச்சது உங்க தம்பிக்குங்க என்றாள் உன் அம்மா, சுற்றி இருந்தவர்கள் கேட்க. எல்லோரும் சிரித்தார்கள். பங்காரு மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது அவன்மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

அன்றிலிருந்து பெருமாள் முன்னால் நின்றால் எனக்கு ஒரே கேள்விதான் வருகிறது. சாந்தம் கொடு என்று வருஷக்கணக்காய்க் கேட்டவன் நான், கேட்காதவனுக்கு எதற்குக் கொடுத்தாய்? பக்தி இருந்தால் குணம் தானாக வந்து சேரும் என்றுதான் நம்பியிருந்தேன். விரதத்தை விட்டால் என் கோபம் போகுமா என்று பங்காருவிடமே கேட்டுவிட்டேன். நீங்க விரதத்தை விட்டாலும் கோவிச்சுக்குவீங்கண்ணா, வயிறு நெறஞ்சு கோவிச்சுக்குவீங்க, அவ்வளவுதான் என்றான். அதையும் பதமாகத்தான் சொன்னான், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

டிக்கெட் இரண்டாக எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவனும் வரட்டும், நானும் வருகிறேன். திரும்பும் வழியில் வரும் சனிக்கிழமை நான் சாப்பிடப் போகிறேன், பெருமாளிடம் ஊருக்கு வந்து பேசிக்கொள்கிறேன். சாப்பிட்ட பிறகும் கோபம் வந்தால் உன் சித்தப்பா சொன்னதே சரி என்றாகிவிடும், ஆகையால் வராது.

கனமான பெட்டியைத் தூக்காதே. மாப்பிள்ளைக்கு ஊறுகாய் கொண்டு வருகிறேன். சுகப்பிரசவமாகி நீடூழி வாழ்வாய். ஒன்று மட்டும் மறக்காதே. ஸ்டேஷனில் நாங்கள் இருவரும் இறங்கி வருவோம், நீ முதலில் என்னிடம் வா.

உன் நைனா,
சீனிவாசலு