பிம்பிள்ஸ் ரப்பர் மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுதல்

அனுப்புநர்
உறுப்பினர் எண் 212,
மூத்த மகளிர் பிரிவு.
(தொழில்: மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்தல்)

பெறுநர்
தலைவர் அவர்கள்,
மாவட்ட டேபிள் டென்னிஸ் சங்கம்.

பொருள்: நீண்ட முனைகள் கொண்ட பிம்பிள்ஸ் ரப்பருக்கு விதித்த தடையை நீக்கவும், அதற்குக் காரணமான என் புகாரைத் தள்ளுபடி செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. ஆகஸ்ட் 9 அன்று நான் கொடுத்த புகார்.
2. செப்டம்பர் 2 அன்று சங்கம் அனுப்பிய சுற்றறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வை ஒன்றில் கண்ட புகாரை எழுதியவள் நானே. அது தவறான புகார். அதை நம்பிச் சங்கம் விதித்த தடையால் ஒருவருடைய ஆட்டமும் நற்பெயரும் கெட்டன. ஆகவே என் புகாரை நானே மறுத்து இம்மனுவை எழுதுகிறேன்.

2. நாற்பது வயது கடந்த பெண்களுக்கான பிரிவில் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து நானே முதலிடம் பெற்றேன். சென்ற ஆகஸ்ட் போட்டியின் இறுதி ஆட்டத்தில், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் ஒருவரிடம் தோற்றேன். எதை அடித்தாலும் திருப்பி அனுப்பிவிடுவதால் அவரை எல்லோரும் ‘சுவர்’ என்பார்கள். அவர் மட்டையின் சிவப்புப் பக்கம் வழுவழுப்பானது. கறுப்புப் பக்கத்தில் நீளமான மெல்லிய ரப்பர் முனைகள் நெருக்கமாக நிற்கும். நான் பலமாகச் சுழற்றி அடிக்க அடிக்க, அந்தப் பக்கத்தில் பட்டுத் திரும்பிய பந்தை எடுக்க முடியாமல் வலையில் அடித்தேன். ஐந்தாவது செட்டில் 11–9 என்று ஆட்டம் முடிந்தது. வீட்டுக்கு வந்தும் ஆற்றாமை அடங்கவில்லை. என் கணவர், “நீ தோத்துட்டு மட்டையைத் திட்டுறியே, அது என்ன பண்ணும்?” என்றார். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

3. மூன்றாம் நாள் புகார் எழுதினேன். ‘அந்த ரப்பர் எதிராளியை ஏமாற்றுவதற்கென்றே செய்யப்பட்டது’ என்று அதில் குறிப்பிட்டேன். அத்துடன், ஆட்டத்தின்போது அவர் பக்கத்திலிருந்து வந்த வாசனையை வைத்து, ‘ரப்பரில் ஏதோ தைலம் தடவியிருக்கிறார் எனச் சந்தேகிக்கிறேன்’ என்றும் ஒரு வரி சேர்த்தேன். என்னுடன் அதில் கையெழுத்திட்ட எழுவரில் மூவர் அந்த ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. நான் கேட்டதற்காகப் போட்டார்கள். தவறு அவர்களுடையதல்ல.

4. அவருடைய மட்டையைச் சோதிக்காமலும், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலும் சுற்றறிக்கை வந்தது. ‘ஆட்டத்தின் வேகமும் கவர்ச்சியும் குறைவதாலும், முறைகேடு பற்றிய புகார் வந்துள்ளதாலும்’ அவ்வகை ரப்பர் அடியோடு தடை செய்யப்படுவதாக அதில் இருந்தது. அதன் நகலும் என் புகாரின் நகலும் சலவைக்கூடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டன. அன்றிலிருந்து உடன் வேலை செய்பவர்கள் அவரைத் ‘தைலம்’ என்று கூப்பிடத் தொடங்கினார்கள். மருத்துவமனை அணியிலிருந்தும் நீக்கப்பட்டார். இவையெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

5. நவம்பர் போட்டியின் அரையிறுதியில் மீண்டும் அவரோடு ஆடினேன். கறுப்புப் பக்கத்திலும் சாதாரண ரப்பர் ஒட்டி வந்திருந்தார். 11–2, 11–1, 11–3. பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. கைகொடுக்க வந்தவர் இடது கையை நீட்டினார். வலது கையில் மட்டை இல்லை. ஆனாலும் அதை உயர்த்தவில்லை. “நல்லா ஆடினீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் போட்டியின் கோப்பை எனக்கே கிடைத்தது. வாங்கும்போது அவர் இருந்த பக்கம் பார்க்க எனக்கு முகமில்லை.

6. மறுவாரம் அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். ஈரப் போர்வைகளைப் பெரிய இயந்திரத்திலிருந்து இடது கையால் இழுத்து, இடுப்பால் முட்டுக்கொடுத்து வண்டியில் போட்டுக்கொண்டிருந்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன் அதே வேலையில் அவருடைய வலது தோள் இறங்கிவிட்டதாம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் அந்தக் கை தோளுக்கு மேல் எழுவதில்லை; ஆடி முடித்ததும் சற்று நேரம் அசைக்கவே வலிக்குமாம். அதுவரை அவரும் என்னைப் போல அடித்து ஆடியவர். அதற்குப் பின் மேசையை விட்டு நன்றாகத் தள்ளி நின்று, இடுப்பு உயரத்திலேயே பந்தை வெட்டித் திருப்பும் ஆட்டத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கிறார். தைலம் தோளுக்குப் போட்டது. ரப்பர் சர்வதேச அமைப்பு அங்கீகரித்த பட்டியலில் உள்ளது. அதன் உறையைக்கூடப் பத்திரமாக வைத்திருந்து எடுத்துக் காட்டினார்.

புகார் கொடுத்தது நான்தான் என்று சொன்னேன். “தெரியும். எழுதுறதுக்கு முன்னாடி என்கிட்டக் கேட்டிருந்தா மட்டையையே கையில கொடுத்திருப்பேனே” என்றார்.

7. அதன்பின் அவருடைய பழைய மட்டையோடு என்னுடன் ஆடச் சொல்லிக் கேட்டேன். வாரம் இருமுறை, மருத்துவமனை ஊழியர் மன்றத்தில் ஆடினோம். முதல் ஒன்பது செட்டும் தோற்றேன். பிறகு ஒன்று புரிந்தது. அந்த ரப்பர் தானாக எதுவும் செய்வதில்லை. நான் கொடுத்த சுழற்சியையே என்னிடம் திருப்பித் தருகிறது. கறுப்பா சிவப்பா என்று பார்த்து, வேகத்தைக் குறைத்து, பொறுமையாக ஆடினால் ஈடுகொடுக்க முடிகிறது. இப்போது நான்கில் ஒரு செட் வெல்கிறேன். நான் கற்றுக்கொள்ளாத ஒன்றுக்கு ‘ஏமாற்று’ என்று பெயர் வைத்திருக்கிறேன், ஐயா.

8. என் மட்டையில் உள்ள ரப்பர், பந்தை அதிகமாகச் சுழற்றுவதற்கென்றே செய்யப்பட்டது. ஆண்டுதோறும் புதிது மாற்றுகிறேன். அதை எவரும் முறைகேடு என்று சொன்னதில்லை. ரப்பரைச் சூடுகாட்டியோ எதையாவது தடவியோ மாற்றுபவர்கள் இருக்கலாம். அவர்களைக் கண்டுபிடிக்க, ஆட்டத்துக்கு முன் எல்லா மட்டைகளையும், என்னுடையதையும் சேர்த்து, சோதிப்பதே முறை. ஓர் ஆட்டமுறையையே வெளியே தள்ளுவது முறையல்ல. கவர்ச்சி குறைகிறது என்பதைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் தோற்ற அந்த இறுதி ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

9. ஆகவே, மார்ச் போட்டிக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாளான பிப்ரவரி 28-க்குள் தடையை நீக்க வேண்டுகிறேன். அவர்மீது எந்த முறைகேடும் நிரூபிக்கப்படவில்லை என்பதை எழுத்து மூலம் அறிவித்து, அதே அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்ய வேண்டுகிறேன். நவம்பர் கோப்பையை இத்துடன் ஒப்படைக்கிறேன். பொய்ச் சந்தேகம் எழுதியதற்கு எனக்கு என்ன தண்டனை விதித்தாலும் ஏற்கிறேன்.

10. அனுப்பும் முன் இம்மனுவை அவரிடம் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு, ஒரு வரியை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார். “அவருடைய உடல்நிலையைக் கருதிக் கருணையுடன் அனுமதிக்கவும்” என்று எழுதியிருந்தேன். “இதை அடிச்சிடுங்க. கை சரியில்லைங்கறதுக்காக யாரும் எனக்கு இடம் தர வேண்டாம். பட்டியல்ல இருக்கற ரப்பர், அதால ஆடறேன், அவ்வளவுதான்” என்றார். அடித்துவிட்டேன். தாங்களும் இம்மனுவை அவ்வாறே கருத வேண்டுகிறேன்.

11. மார்ச் போட்டியில் அவர் அந்த மட்டையோடு என் எதிரே நின்றால், நான் தோற்கவே வாய்ப்பு அதிகம். அப்படித் தோற்றால், சங்கத்துக்கு என்னிடமிருந்து கடிதம் எதுவும் வராது.

தங்கள் நியாயமான முடிவை எதிர்பார்த்து,

(ஒப்பம்)
உறுப்பினர் எண் 212

இடம்: ஊழியர் மன்றம், மேசை எண் 2
நாள்: பிப்ரவரி 11

இணைப்பு: ரப்பர் உறையின் நகல் – 1, கோப்பை – 1.