சுழலாத நட்சத்திரம்

2006 மார்ச் 7

வில்பட்டியிலிருந்து முதல் பேருந்து. பீன்ஸ் மூட்டைகளுக்கு நடுவே நின்றபடி வந்தேன். வானியல் ஆய்வு மையத்தின் பலகையில் என் வழிகாட்டி தனசேகர் சாரின் கருத்தரங்க அறிவிப்பு: 'நட்சத்திரத்துக்குள் விழப்போகும் கோள்'. கட்டுரை ஆசிரியர்கள் தனசேகர், இராமலிங்கம்.

கேள்வி என்னுடையது. கணினி நிரல் என்னுடையது. என் பேர் எங்கே?

போய்க் கேட்டேன். சார் தலை நிமிரவில்லை. "மகாராணின்னு பேரு வச்சுட்டா எல்லாத்துலயும் மொதல்ல நிக்கணுமா? அடுத்த பேப்பர்ல பாப்போம்மா."

இராமலிங்கம் சிரித்தான். என்னோடு ஆய்வுக்குச் சேர்ந்தவன், என் சாப்பாட்டில் பாதியைத் தின்பவன். சிரித்தான்.

மார்ச் 8

தூக்கமே வரல.

மார்ச் 10

அறிவிப்பில் இருந்த வரைபடத்தை இன்றுதான் உற்றுப் பார்த்தேன். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

அது என் சோதனை ஓட்டம். புது நிரல் எழுதினால், நட்சத்திரம் சுழலவே இல்லை என்று வைத்து முதலில் ஓட்டிப் பார்ப்பது இங்கே எங்கள் வழக்கம். அதற்கு விடை முன்பே தெரியும். நிரல் சரியா என்று பார்க்கத்தான். உண்மையான சுழற்சியைப் பிறகுதான் போடுவோம். நான் போடுவதற்குள் சார் என் கணினியிலிருந்து படத்தை எடுத்துக்கொண்டுவிட்டார்.

இந்த நட்சத்திரம் இளையது. கோள் ஒரு சுற்று வருவதற்குள் அது இருமுறை சுழன்றுவிடும். கோளின் ஈர்ப்பு நட்சத்திரத்தின் மேல் எழுப்பும் புடைப்பு, அந்த வேகத்தில் கோளுக்கு முன்னே ஓடி அதை வெளியே தள்ளும். நிலா நம்மை விட்டு விலகுவதும் இப்படித்தான். சரியான சுழற்சியைப் போட்டு ஓட்டினேன். கோள் விழவில்லை. விலகிப் போகிறது.

25ஆம் தேதி சார் பேசுவதைக் கேட்கப் பெங்களூரிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள். பேசட்டும். நன்றாகப் பேசட்டும்.

மார்ச் 15

அம்மா கேரட் கழுவிக்கொண்டே கேட்டாள்: "என்னா புள்ள, மொகம் இம்புட்டு வெளிச்சமா கெடக்கு? கங்காணி செத்துட்டானா?" இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் அவள் பறித்த கொழுந்தின் எடையைக் குறைத்து எழுதிய கங்காணி. அம்மாவுக்குச் சந்தோஷம் என்றால் அவன் சாவுதான்.

"இன்னும் இல்லம்மா" என்றேன்.

மார்ச் 19

டீக்கடையில் இராமலிங்கம் பக்கத்தில் வந்து நின்றான். பேர் விஷயத்தில் தான் எதுவும் கேட்கவில்லை, சாரே போட்டுவிட்டார் என்றான். பிறகு, "சுழற்சிக்கு என்ன மதிப்பு வச்ச? சார் எல்லாம் சரியா இருக்குங்குறாரு. எனக்கு என்னமோ உறுத்திக்கிட்டே கெடக்கு."

நாக்கு நுனி வரை வந்தது. அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது.

"சாருக்குத் தெரியாததா?" என்றேன்.

தலையாட்டினான். என் டீக்கும் அவனே காசு கொடுத்தான்.

மார்ச் 24

நாளைக்கு.

மார்ச் 25

சார் நன்றாகத்தான் பேசினார். முடித்ததும் பெங்களூர் அம்மா ஒருவர், மூன்றாம் வரிசை, மெதுவாகக் கேட்டார்: இந்த நட்சத்திரம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது?

இந்தக் கணத்துக்காகத்தான் இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். சாரின் முகம் சுருங்கியது. அரை நொடிதான். உடனே திரும்பினார்.

"கணக்கு பூரா இராமலிங்கம் பாத்தது. ஏம்ப்பா, இதக்கூடவா பாக்கல?"

இராமலிங்கம் எழுந்து நின்றான். சாரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். இவளிடம் கேட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நான் எழுந்தேன். சரியான படத்தைத் திரையில் போட்டு, கோள் விலகுவதைக் காட்டினேன். கைதட்டினார்கள். அந்தத் தப்புப் படம் சார் என் கணினியிலிருந்து எடுத்தது என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தா அந்தாளு அங்கயே மாட்டியிருப்பாரு. ஏன் சொல்லல? கைதட்டல் காதுல விழுந்துச்சு — அதான்.

ஏப்ரல் 3

இராமலிங்கத்தின் உதவித்தொகையைச் சார் நிறுத்தச் சொல்லிவிட்டார். கவனக்குறைவாம். போளூர் பேருந்தில் ஏறிவிட்டான், அப்பாவின் பூண்டு வயலுக்கு. என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 10

புதிய கட்டுரை தயார். 'நட்சத்திரத்தை விட்டு விலகும் கோள்'. ஆசிரியர்கள் தனசேகர், மகாராணி. சார் கையெழுத்துக் கேட்டார். போட்டேன்.

நான் உட்காரும் மூலையில் ஓதம் அதிகம் என்று இராமலிங்கத்தின் இடத்துக்கு மாறச் சொன்னார். ஜன்னலோரம், வெயில் வரும்.

மாறிக்கொண்டேன்.