கரையடியில் ஒரு கன்னிமார் ஊற்று

அக்டோபர் 6, ஞாயிறு
அணை நிரம்பிவிட்டது. படகுத்துறையைக் குத்தகைக்கு எடுத்த அப்புசாமி கிடா வெட்டினார். வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய மண் அணை இது. ஐப்பசி மழைக்கு முன் பாதியாவது காலியாக இருக்க வேண்டும். காலி அணையில் படகு ஓடாது. ஆகவே நிரப்பி வைத்திருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் டிக்கெட் வாங்கிக்கொண்டு காத்திருக்கும்.

அக்டோபர் 11, வெள்ளி
என் வீட்டுக்கு நூறு அடி மேலே, கரையின் அடியில் தண்ணீர் கசிகிறது. காலையில் நான் பார்த்தேன். மாலைக்குள் மஞ்சள் துணி கட்டி, எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. கன்னிமார் ஊற்றாம். என் மனைவி கனகம் ஒரு சொம்பு பிடித்துவந்து பூசை அறையில் வைத்தாள்.
"அணை ஒழுகுது, கனகம்."
"வாயக் கழுவுங்க. அந்தத் தண்ணியிலயே கழுவுங்க."
முப்பது வருஷம் கல்லூரி நூலகத்தில் இருந்தவன். இந்தக் கசிவை எந்த அலமாரியில் வைப்பது?

அக்டோபர் 14
காரமடை பொதுப்பணித்துறை அலுவலகத்துக்குப் போய், தண்ணீரை இறக்கிக் கசிவை அடைக்கச் சொல்லி மனு கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். வாங்குவதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அக்டோபர் 17
அப்புசாமி வழியில் நிறுத்தினார். "ஏனுங்க சார், சாமி வந்த எடத்த அடைக்கச் சொல்றீங்களாமா?" என்னை இவ்வளவு மரியாதையாக யாரும் திட்டியதில்லை.

அக்டோபர் 20
மூன்று நாளாக மழை. ஊற்று கலங்கி வருகிறது. தெளிவாகக் கசிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கலங்கினால் கரை உள்ளேயிருந்து அரிக்கிறது என்று பொருள். கன்னிமார் மஞ்சள் குளிக்கிறார்கள் என்று ஊரார் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். கீழே பதினேழு வீடு, முதல் வீடு என்னுது. எவன் செத்தா இவனுகளுக்கென்ன — படகு ஓடோணும்! கத்தினேன். ஊற்றடியில் பூசைக்குக் கட்டிய மைக் செட் என்னைவிட நன்றாகக் கத்தியது.

மத்தியானம் கனகம் இன்று பிடித்த சொம்பை என் முன்னால் வைத்தாள். அடியில் ஒரு விரற்கடை மண். அதை அப்படியே ஷட்டர் பார்க்கும் லஸ்கர் மாசாணத்திடம் கொண்டுபோனோம். விரலால் தேய்த்துப் பார்த்தான்.
"கரைக்குள்ளாற இருக்கற களிமண்ணுங்க சார்."
"ஷட்டரத் தொறக்க உத்தரவு?"
"அது வர்றதுக்குள்ள கரை போயிருமுங்க."

அக்டோபர் 21
மாசாணம் ஷட்டரைத் திறந்துபோட்டான். அணைக்குக் கீழே ஓடை பெருகி என் வாசற்படி வரை வந்து, நின்றது.

அக்டோபர் 25
படகுகள் சேற்றில். ஊற்று நின்றுவிட்டது. உத்தரவில்லாமல் திறந்ததற்காக மாசாணம் சஸ்பெண்டு. அந்த உத்தரவு மட்டும் மூன்றே நாளில் வந்தது.

அக்டோபர் 29
அப்புசாமி ஒரு மனுவோடு வந்தார். மாசாணம் ஷட்டரைத் திறந்ததால்தான் ஊற்று வற்றியது, அவன் மேல் இன்னும் கடுமையான நடவடிக்கை வேண்டும் என்று நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்து.
"நீங்க படிச்சவரு. தப்பு இருந்தாச் சொல்லுங்க."
இரண்டு முறை படித்தேன். ஒரு தப்பும் இல்லை. அணையில் தண்ணீர் இறங்கியதும் ஊற்று வற்றியது: இதைத்தானே மூன்று வாரமாகச் சொல்கிறேன்? மாசாணத்தின் விசாரணைக்கு இதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது.
நாளைக் காலை திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். கனகம் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கிறாள்.