பின் சீட்டு கவரைக் கிழித்துவிடு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நம் குட்டி வாலும் ஒரு கீறல்கூடப் படாமல் இருக்க வேண்டும், இப்போதைக்கு எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, ஆனால் மாடிப்படி ஏறும்போதெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டேதான் ஏறுகிறாள், மூன்றாவது மாடியில் வீடு பார்த்தது என் குற்றமாம்.

உன் காரின் பின் சீட்டு கவரைக் கிழிக்கச் சொல்லிப் போனில் மூன்று தடவை சொல்லிவிட்டேன். மூன்று தடவையும் சரிப்பா என்றாய். உன் சரிப்பா எனக்குத் தெரியாதா, பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய போட்டோவில் குட்டி அதே கவர்மேல் நின்று கையாட்டுகிறாள். மாமா தச்சதிலேயே இதுதான் டாப்பு, இதைப் போயா கிழிக்கிறது என்று மாப்பிள்ளை சொல்கிறாராம். அவர்மேல் தப்பில்லை, காரணம் சொல்லாமல் கிழி கிழி என்றால் யார் கிழிப்பார்கள். போன் பேசும்போது அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், அவள் கேட்டால் தாங்கமாட்டாள், அதனால் எழுதுகிறேன்.

நம் சீட்டு கவர் கடையில் இதுவரை பின் சீட்டு பெல்ட்டைச் சொருகுகிற பக்கிளுக்குத் திறப்பு விட்டதில்லை. குத்துது, பார்க்க நல்லா இல்லை என்று வருகிறவர்கள் சொல்வார்கள், நானும் பக்கிளை ஸ்பாஞ்சுக்குள் அமுக்கி மேலே ரெக்சினை இழுத்துத் தைத்துவிடுவேன். திறப்பு வெட்டி ஓரம் மடிக்கும் வேலையும் மிச்சம், சுருக்கம் இல்லாமல் அம்சமாக இருக்கும். உனக்கும் அப்படித்தான் தைத்து அனுப்பினேன். பக்கிளை உள்ளே தள்ளிப் பசை போட்டு ஒட்டுங்கள் என்று மாப்பிள்ளைக்குப் போனில் பாடம் வேறு எடுத்தேன்.

போன மாதம் டீச்சர் வீட்டுக் கார் கடைக்கு வந்தது, அதுவும் நான் தைத்த கவர்தான். பெரிய வேகம்கூட இல்லையாம். முன்னால் போன லாரி சட்டென்று நிற்க, இவர்களும் பிரேக் போட்டிருக்கிறார்கள். பெல்ட் போட்டிருந்த புருஷன் பெண்டாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் இருந்த ஐந்து வயதுப் பெண் முன்னால் வந்து விழுந்திருக்கிறாள். உயிர் இருக்கிறது, இன்னும் பேச்சு வரவில்லை. அவளுடைய அப்பாதான் வந்தார், கறை போகவில்லை, வேறு கவர் போட வேண்டும் என்றார். பாப்பா பெல்ட் போடணும்னு பக்கிளைத் தேடினா, கிடைக்கல, பக்கத்துலதானே போறோம் விடுடின்னு நாங்கதான் சொன்னோம் என்றார். பிறகு சீட்டைத் தடவிப் பார்த்து, உங்க தையல்ல மட்டும் ஒரு நூல்கூடப் பிரியல என்று பாராட்டினார். அந்த மனிதர் என்னை ஒரு அறை அறைந்திருக்கலாம். நான் டேப்பை எடுத்துச் சீட்டை அளந்தேன்.

அன்றிலிருந்து என்னிடம் கவர் தைத்த பழைய ஆட்களுக்கெல்லாம் போன் செய்து, பக்கிளுக்குத் திறப்பு வெட்டித் தருகிறேன், காசு வேண்டாம், வாருங்கள் என்கிறேன். இலவசமா செய்றீங்களா, என்ன விசேஷம் என்று சிரிக்கிறார்கள். சிலர் வந்தார்கள், மற்றவர்களை என்ன செய்ய முடியும். பெற்ற மகளையே என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவ்வளவு தூரத்துக்கு என் கத்தரி எட்டாது.

அதனால் பிளேடை எடுத்து, முதுகுப் பக்கமும் உட்காரும் பக்கமும் சேருகிற மடிப்பில் இழு, உள்ளே கை விட்டால் பக்கிள் தட்டுப்படும். குழந்தை சீட்டு வாங்கி அந்த பெல்ட்டில் இறுக்கி மாட்டு. மடியில் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லாதே, அந்த நேரத்தில் எந்தத் தாயின் கையும் நிற்காது. அது முடியும்வரை குட்டியைக் காரில் ஏற்றாதே, உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன்.

மூன்று பேரும் நூறு வயது நன்றாக இருங்கள். அம்மாவிடம் எதுவும் சொல்லாதே. கிழித்ததும் எனக்கு மட்டும் ஒரு போட்டோ அனுப்பு, நேராகக் கிழிக்க வேண்டும் என்றெல்லாம் பார்க்காதே.

இப்படிக்கு,
அதைத் தைத்த உன் அப்பா