பொட்டு வைத்த கவர்கள்

4 மார்ச் 2025, செவ்வாய்

கிளமெண்டி ரயில் நிலையத்தில் மழை. நனைந்துதான் வந்தேன். விளக்கேற்றப் போனால் முருகன் படம் சாய்ந்து நிற்கிறது. பின்னால் ஐந்து கவர்கள். இந்த வீட்டில் எந்தக் கவர் வந்தாலும் முதலில் சாமி அலமாரிக்குத்தான் போகும், என் வீட்டுக்காரரின் முதல் சம்பளத்திலிருந்து மகள் தாரணியின் ஓ லெவல் தேர்வு முடிவு வரை. வெள்ளிதோறும் படங்களுக்குப் பொட்டு வைக்கும்போது கவருக்கும் ஒன்று வைத்துவிடுவேன், என்ன கவர் என்று பார்ப்பதில்லை.

"என்னங்க இதெல்லாம்?" என்று கேட்டேன். "ஏதோ லெட்டர்லா. பாத்துக்கலாம்," என்றார்.

7 மார்ச், வெள்ளி

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தபால்காரர் கையெழுத்துக் கேட்டார். வக்கீல் கடிதம். வாசலில் நின்றபடியே பிரித்தேன்.

ஐந்து மாதமாக வீட்டுக் கடன் கட்டவில்லையாம். இந்த மாதக் கடைசிக்குள் வழி செய்யாவிட்டால் பேங்க் வீட்டை எடுத்து விற்றுவிடுமாம்.

ஆகஸ்டில் அவருக்கு வேலை போனது எனக்குத் தெரியும். அதன் பிறகு வாடகைக் கார் ஓட்டுகிறார், அதுவும் தெரியும். "தவணை மசேநிதியில கழியுது, நீ கவலைப்படாத வசந்தா," என்றாரே! சம்பளம் நின்றால் மத்திய சேம நிதிக் கணக்கில் புதிதாகப் பணம் ஏறாது. இருந்தது அக்டோபரில் தீர்ந்துவிட்டது. இதை யோசிக்க எனக்கு என்ன கேடு? நானும்தானே சம்பாதிக்கிறேன்?

அலமாரிக்கு ஓடினேன். ஐந்து கவரும் பேங்க் கவர். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. ஐந்திலும் என் குங்குமம். ஐந்து மாதமாகக் கடன் நோட்டீசுக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டிருக்கிறேன்!

அவர் சொன்னது இதுதான்: "பிரிக்காத வரைக்கும் அது வெறும் கவர்தானே."

வெறும் கவராம். இருபது வருடம் இந்த மனுஷனோடு குடித்தனம் பண்ணியிருக்கேன்.

8 மார்ச்

பேசவில்லை. சமைக்கவுமில்லை.

9 மார்ச், ஞாயிறு

அவர் தம்பி சுந்தரேசன் போன் பண்ணினான். "அண்ணி, பேங்க் பக்கமே போகாதீங்க. நீங்களா போய் நின்னா அன்னிக்கே சீல் வச்சிடுவான். கொஞ்சம் ஆறப் போடுங்க." பக்கத்திலிருந்து இவர் தலையாட்டுகிறார். ஆறப் போட்டதால்தானடா இந்த கதி! போனை வைத்துவிட்டேன்.

நாளை மறுநாள் லீவு எடுக்கிறேன். ரகுபதி வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. (புருஷன் பேரை எழுதிவிட்டேன். எழுதினால் என்ன?)

11 மார்ச், செவ்வாய்

வந்தார். ரயிலில் எதிர் இருக்கையில் உட்கார்ந்தார்.

பேங்க் அதிகாரி ஸைஃப், முப்பது வயதிருக்கும். இங்கிலீஷில் ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார். நோன்பு மாதம். எங்களுக்குத் தண்ணீர் வைத்தார், தான் தொடவில்லை. கவர்களைப் பரப்பினேன். ஒன்றைத் தூக்கியதும் அவர் விரலெல்லாம் சிவப்பு.

"அக்கா, இது...?"

"குங்குமம்," என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் சிரிக்கவில்லை. டிஷ்யூவால் கவரின் மூலையைத் துடைத்துக் காட்டினார். 'தவணை கட்டச் சிரமமா? அழையுங்கள்' என்று நான்கு மொழியில், கீழே ஒரு எண். "உள்ள பிரிக்கக்கூட வேணாம்கா. அக்டோபர்லயே கூப்பிட்டிருந்தீங்கன்னா வக்கீல் வரைக்கும் போயிருக்காது."

ஐந்து கவரிலும் அந்த எண்ணின் மேல்தான் பொட்டு வைத்திருக்கிறேன். நானேதான். என் கட்டைவிரலால்.

வீட்டுக்காரரைத் திட்ட வாய் வரவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

ஸைஃப் சொன்ன வழி: மூன்று மாதத் தவணையை மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். மீதியைப் பிரித்து, கடன் காலத்தை நீட்டித் தர மேலிடத்தில் கேட்பார். "ஒரு ரூமை வாடகைக்கு விட முடியுமா? வருமானம் காட்டினா எனக்குப் பேச வசதி."

13 மார்ச், வியாழன்

நான் வேலை செய்யும் சிராங்கூன் சாலை நகைக்கடையிலேயே என் நான்கு வளையல்களை விற்றேன். விற்க வருகிறவர்கள் எல்லோரும் "டிசைன் பழசாயிடுச்சு" என்பார்கள். பத்து வருடமாக நானும் நம்புகிற மாதிரி தலையாட்டியிருக்கிறேன். முதலாளி துரைசாமி, "என்னம்மா, டிசைன் மாத்தப் போறியா?" என்று கேட்டு எனக்கும் அந்தப் பொய்யை எடுத்துக் கொடுத்தார்.

"இல்லண்ணே. வீட்டுக் கடன் கட்டல. வீடு போயிடும்," என்றேன். கடையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

16 மார்ச், ஞாயிறு

தாரணி தன் அறையைக் காலி செய்துவிட்டாள். "இட்ஸ் ஜஸ்ட் எ ரூம்லா, அம்மா." பிறகு குளியலறையில் அரை மணி நேரம் தண்ணீர் ஓடியது. அவர் வெளியே நின்றுகொண்டு, "தாரணி... பாத்துக்கலாம்டா," என்றார்.

"அந்த வார்த்தை இனிமே இந்த வீட்ல கேட்டுச்சுன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்!" நான் கத்தியது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

22 மார்ச்

மதுரையிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் கவிப்ரியாவுக்கு அறை பிடித்துவிட்டது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அனுமதியும் வந்துவிட்டது. அவளோடு வாடகை ஒப்பந்தம் போட்டாயிற்று.

28 மார்ச், வெள்ளி

வளையல் பணத்தைக் கட்டி, பேங்கில் கையெழுத்துப் போட்டோம். வீடு தப்பியது. அறுபத்தைந்து வயது வரை கட்ட வேண்டும். வெளியே வந்ததும், "மன்னிச்சிரு வசந்தா," என்றார். நான் மன்னிக்கவில்லை.

9 மே, வெள்ளி

கோபம் இன்னும் இருக்கிறது. காலையில் தோசை ஊற்றும்போதுகூட வருகிறது.

பேங்கிலிருந்து கடிதம். இவர் கீழே தபால் பெட்டியருகிலேயே பிரித்திருக்கிறார். அவசரத்தில் கவரோடு கடிதமும் பாதி கிழிந்திருந்தது. லிஃப்டில் படித்துக்கொண்டே வந்திருக்கிறார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "மே மாசத் தவணை கழிஞ்சிருச்சு. ரெண்டு பக்கமும் படிச்சிட்டேன்," என்றார்.

பிறகு அதைக் கவரோடு அலமாரியில் முருகன் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார், நான் என்ன சொல்வேனோ என்று.

குங்குமச் சிமிழை எடுத்தேன். கவருக்கும் ஒரு பொட்டு வைத்தேன், ஓரமாக, அந்த எண்ணின் மேல் படாமல்.