உள்ளே பார்த்துவிட்டார்கள், அம்மா

கொட்டாஞ்சேனை,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் எல்லோருமாகச் சேர்ந்து என்னைப் பொய்க்காரி ஆக்கினீர்கள். அப்பாவின் இருமலும் உங்கள் முழங்காலும் எப்படி இருக்கின்றன?

"கொழுந்து பறிக்க மலைக்கு வராம இருக்க நடிக்குது இந்தப் புள்ள" என்றார் கங்காணி. கல்யாணம் கட்டினால் வயிற்றுவலி போய்விடும் என்றார் மருந்து கொடுக்கிற தோட்டத்து டிஸ்பென்சர். நீங்கள் தலையாட்டினீர்கள். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் என்னை மயக்கி, தொப்புளருகே சிறிய துளை போட்டு, கமராக் குழாயை விட்டுப் பார்த்தார்கள். ஸ்கேனில் தெரியாதது அதில் தெரிந்தது. கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியே குடலில் ஒட்டி வளர்ந்து, மாதாமாதம் இரத்தம் கசிகிறதாம்.

பயப்படாதீர்கள். சிரிப்பதற்கும் ஒன்று நடந்தது. குழாய் விடுவதற்காக ஏற்றிய காற்றில் வயிறு உப்பியிருந்தது. திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் பொலிஸ்காரி தடவிப் பார்த்தாள். பிளாஸ்டர் கையில் பட்டதும் குண்டு கட்டியிருக்கிறேன் என்று நினைத்துத் துள்ளிப் பின்வாங்கினாள். சட்டையைத் தூக்கிக் காட்டி, சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கும் மாசாமாசம் இப்படித்தான், நங்கி. எந்த டொக்டர்?" என்று, சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

சந்தேகப்படச் சம்பளம் வாங்குகிறவள் என்னை நம்பினாள், அம்மா.

பாவாடை நாடா தையலில் உரசுகிறது. என் பழைய கவுனை அனுப்புங்கள். அறையில் வேறு யாருமில்லை. கஞ்சி குடிக்கவும் நான்தான் எழுந்து வைக்க வேண்டும்.

தங்கச்சி தெய்வானையும் மாதாமாதம் சுருண்டு படுக்கிறாள், அதனால் தையில் கல்யாணம் என்று எழுதியிருந்தீர்கள். கல்யாணம் மருந்தல்ல. அதை நிறுத்துங்கள். கவுனைக் கொடுத்து அவளையே பஸ் ஏற்றிவிடுங்கள், இங்கே டொக்டரிடம் காட்டுகிறேன். தபாலுக்கு நேரமாகிறது. எந்த பஸ் என்று எழுதுங்கள்.

இந்திராணி