லெவல் இறங்கியது நல்லதுக்குத்தான்

அன்பு மகன் அன்பரசனுக்கு, அம்மா நீலாம்பாள் சொல்லச் சொல்லத் தங்கச்சி செம்மொழி எழுதுவது. தம்பி, இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. பஞ்சநதம் மாமா மகன் உன் ரூமிலேயே இருக்கிறான், அவனிடம் கண்டிப்பாகக் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. உனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று உங்கப்பாவுக்குத் தெரிந்தால் என் மகன் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு எனக்கு ஊசி வேண்டாம் என்று படுத்துவிடுவார், அவர் பிடிவாதம் உனக்குத் தெரியாததா.

இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா. சம்பா நன்றாக இருக்கிறது, கதிர் பால் பிடிக்கிறது, கறவை மாடு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பஞ்சநதம் வீட்டு ஃபோனில் நீ அழுததும், மாதக் கடைசியில் கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டு சிங்கப்பூரை விட்டே வந்துவிடுவேன் என்று சொன்னதும் என் காதிலேயே நிற்கிறது. அதற்குத்தான் அவசரமாக இந்தக் கடிதம். செல்லை உங்கப்பா இடுப்பை விட்டு இறக்குவதில்லை, பஞ்சநதம் வீட்டில் பேசினால் தெருவே கேட்கும், வேறு வழியில்லை.

நடந்தது இதுதான். மூன்று மாதத்துக்கு முன்னால் உங்கப்பாவுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தஞ்சாவூரில் சொன்னபோது, ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்று ஒன்று பார்த்தார்கள், நாற்பத்தாறு இருந்தது. அப்போதே ஊசி ஆரம்பித்தார்கள். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் நீர்க்கடுப்பு என்றே சொல்லிவைத்தார். போன வாரம் திரும்பப் பார்த்த ரிசல்ட்டை வாங்க அவரும் பஞ்சநதமும் போனார்கள். அங்கே ஒரு பெண் லெவல் நன்றாக இறங்கியிருக்கிறது, புள்ளி எட்டு என்றிருக்கிறாள். இவர் காதில் அந்த நன்றாக விழவில்லை, இறங்கியிருக்கிறது என்பதும் புள்ளி எட்டும்தான் விழுந்தது. நம் ஊரில் லெவல் இறங்கினால் என்ன அர்த்தம், மேட்டூர் இறங்கினால் குறுவை போச்சு, சம்பா போச்சு. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, நீலா, என் லெவலு ஒண்ணுக்கும் கீழ போயிடுச்சு, இனிமே மதகைத் தொறந்தாலும் ஒண்ணும் வராது என்றார். நானும் சேர்ந்து அழுதேன். பஞ்சநதம் அதையே மகனிடம் சொல்ல, அவன் உன்னிடம் சொல்லியிருக்கிறான்.

புதன்கிழமை ஊசிக்கு நானும் செம்மொழியும் கூடப் போனோம். டாக்டரம்மா வலங்கைமான் பக்கத்துப் பெண், விஷயத்தைக் கேட்டு அப்படிச் சிரித்தாள். ஐயா, மேட்டூருக்கு ஏறணும், ஒங்களுக்கு எறங்கணும், ஆத்துல வெள்ளம் கரையைத் தொட்டா வடியணும்னுதானே வேண்டிக்குவீங்க என்றாள். அந்தச் சுரப்பியிலிருந்து வருவதுதான் இந்த பி.எஸ்.ஏ.வாம். இறங்கினால் மருந்து கேட்கிறது என்று அர்த்தமாம். ஆனால் வடிந்துவிட்டது என்று கரையை விட்டுவிடக் கூடாது, நோய் போய்விட்டதாக நினைத்து ஊசியை நிறுத்தக் கூடாது என்றாள். ஒரு தடவை கொஞ்சம் ஏறினாலும் பயப்பட வேண்டாம், சிறுநீரில் கிருமி இருந்தாலும் ஏறும், அதே லேபில் திரும்பப் பார்த்து, ஏறிக்கொண்டே போகிறதா என்றுதான் கவனிக்க வேண்டுமாம். உங்கப்பா அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் இரண்டு தோசை சேர்த்துச் சாப்பிட்டார். ஊசியால் மார்கழிக் குளிரிலும் திடீர் திடீரென்று வேர்த்துக் கொட்டுகிறது, விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு நாப்பத்தஞ்சு வயசுல வந்தது ஒங்களுக்கு இப்ப வந்துருக்கு, அனுபவிங்க என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேளாங்கண்ணிக்கு அவர் உயரத்துக்கு மெழுகுவத்தி நேர்ந்திருக்கிறேன். ஆகவே வேலையை விடாதே தம்பி. சித்திரையில் லீவு போட்டு முறையாக வா, அப்போது அவரே உன்னிடம் சொல்லட்டும். கோயில் திருநீறு மடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், நெற்றியில் இட்டுக்கொள், நீ நூறு வயசு நன்றாக இருப்பாய்.

அண்ணா, அம்மா சொல்லிக்கொண்டே தூங்கிவிட்டாள், மாட்டுக்குப் புல் அறுத்த அலுப்பு. இனி நான் சொல்வது. அப்பா முறைத் தண்ணீர் பாய்ச்சப் போயிருக்கிறார், ஊசி போட ஆரம்பித்த பிறகு இன்றைக்குத்தான் மண்வெட்டியைத் தோளில் வைத்தார். அவர் வருவதற்குள் முடிக்க வேண்டும், அவசர எழுத்துக்கு மன்னித்துக்கொள். இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்ததா, வேலையை விடவில்லையா என்று எங்களுக்கு எப்படித் தெரியும். அதற்கு ஒரு யோசனை. கடிதம் கிடைத்ததும் வருகிற சனிக்கிழமை நீ பேசும்போது அப்பாதான் எடுப்பார். வேறு எதுவும் கேட்காதே, மேட்டூர் லெவல் எவ்வளவுப்பா என்று மட்டும் கேள். எல்லாப் பிள்ளைகளும் கேட்பதுதானே, அவருக்குச் சந்தேகம் வராது. அடியும் கன அடியும் சந்தோஷமாகச் சத்தம் போட்டுச் சொல்வார். அடுப்படியில் அம்மாவும் நானும் கேட்டுக்கொண்டிருப்போம், நீ அங்கேயே இருக்கிறாய் என்று புரிந்துகொள்வோம். மறந்துவிடாதே அண்ணா, நீ கேட்காவிட்டால் அம்மா

மண்வெட்டியைச் சுவரில் சாத்துகிற சத்தம். கதவைத் தட்டுகிறார்.

இப்படிக்கு
அம்மா நீலாம்பாள்
செம்மொ